தார்ப்பாய், தோல் தைக்கப் பழைய மெஷின்: வாங்கப் போன இடத்தில் என்ன பார்த்தீர்கள்?

கிருஷ்ணகிரி, லாரித் தார்ப்பாய் தைப்பவர்

பழைய மெஷின் என்றதும் பலர் மோட்டாரையும் பெயர்ப்பலகையையும் பார்க்கிறார்கள். நான் முதலில் குனிந்து, துணியை எது நகர்த்துகிறது என்று பார்ப்பேன்.

ஓசூர்ப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைகள் கழித்த ஒற்றை ஊசி மெஷின்கள் கிடைக்கின்றன. ஜூக்கி டிடிஎல்-8700 போன்றவை. சட்டைத் துணிக்கு அருமையானவை. ஆனால் அவற்றில் துணியை இழுப்பது கீழேயுள்ள பல் மட்டும். நான்கு மடிப்புக் கேன்வாஸை வைத்தால் அடிமடிப்பு ஓடும், மேல்மடிப்பு பின்தங்கும். நீண்ட ஓரம் முடியும் இடத்தில் மேல்மடிப்பு விரற்கடை மிஞ்சி நிற்கும். நமக்கு வேண்டியது வாக்கிங் ஃபுட், அதாவது மேலேயுள்ள பாதமும் நடந்து துணியை நகர்த்தும் மெஷின். அதிலும் ஊசி, உள்பாதம், பல் மூன்றும் சேர்ந்து நகர வேண்டும். ஜூக்கி டிஎன்யூ-1541 அந்த வகை. தையல் நீளம் 9 மி.மீ. வரை வைக்கலாம், முழங்காலால் தள்ளினால் பாதம் 16 மி.மீ. உயரும்.

வாணியம்பாடிப் பக்கம் ஒரு வியாபாரி இதே மெஷினைக் காட்டினார். புதுப் பெயிண்ட் பளபளத்தது. மெல்லிய தோல் இரண்டு துண்டுகளை அவரே தைத்துக் காட்டினார். முத்து முத்தாக விழுந்தது தையல். நான் கையோடு கொண்டுபோன தார்ப்பாய்த் துண்டை எடுத்தேன். ஓரப்பட்டை வைத்தது, மூலையில் எட்டு மடிப்பு வரும். அந்த மேட்டில் ஏறியதும் தையல் விட்டுவிட்டு விழுந்தது.

“ஊசியை மாற்றினால் சரியாகிவிடும் அண்ணே” என்றார். மாற்றினோம், அதே இடம், அதே குறை. ஊசித் தட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால், ஊசி நூலைக் கீழே பிடித்துத் தையல் போடும் ஹூக்கின் முனை மழுங்கி, ஊசி உரசிய கீறல்கள். ஊசியைத் தாங்கி மேலும் கீழும் போகும் ஊசிக் கம்பியைப் பிடித்து அசைத்தேன், நன்றாகவே ஆடியது. ஹூக்கை மாற்றிவிடலாம். ஊசிக் கம்பியின் புஷ் தேய்ந்த மெஷினுக்குச் செலவு ஓயாது. அதை வாங்கவில்லை. உங்கள் வேலையில் வரும் மிகத் தடித்த மூலையைத் துண்டாக வெட்டி எடுத்துப் போங்கள். கடைக்காரர் தரும் துணியில் தைத்துப் பார்ப்பது போதவே போதாது.

தருமபுரி, தோல் பை, பெல்ட் வேலை

அண்ணன் சொன்ன மூலைச் சோதனை தோலுக்கு இன்னும் அவசியம். தோலில் விழுந்த துளை மறையாது, பிரித்துத் தைக்க வழியில்லை. அதனால் நான் வேகத்தைத்தான் கவனிப்பேன். கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும், அதில் மூலையில் ஒவ்வொரு தையலாக நகர்த்த நல்ல கால்பழக்கம் வேண்டும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும், வேகத்தையும் குறைத்து வைக்கலாம். மெஷினின் தலை நன்றாக இருந்தால், கிளட்ச் மோட்டாருடன் வாங்கிப் பிறகு சர்வோ மாட்டிக்கொள்வது நல்ல வழி. தொழிற்சாலையிலிருந்து வந்த மோட்டார் மூன்று ஃபேஸா, சிங்கிள் ஃபேஸா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஊசி பற்றியும் ஒன்று. தோல் ஊசியின் முனை வெட்டிக்கொண்டு இறங்கும். அதே ஊசியால் கேன்வாஸைத் தைத்தால் இழைகள் அறுபடும். 1541-இல் கேன்வாஸுக்கு 135×17 வகை ஊசி, தோலுக்கு 135×16 வகை. இரண்டும் அதே மெஷினில் பொருந்தும்.

காவேரிப்பட்டணம், செருப்பு, பை பழுது

பழுது வேலை மட்டும் செய்பவர்களுக்கு இவ்வளவு பெரிய மெஷின் தேவையில்லை. பாதம் முழு வட்டமாகத் திரும்பும் பழைய சிங்கர் 29கே என்னிடம் இருக்கிறது. செருப்பைத் திருப்பாமலே எந்தத் திசையிலும் தைக்கலாம், மெஷினின் கை பைக்குள்ளும் நுழையும். ஆனால் பாபின் சிறியது, சீக்கிரம் தீர்ந்துவிடும். தார்ப்பாய் ஓரம் தைக்க இதை வாங்கிவிடாதீர்கள்.