மூக்குப் பரிசோதனையும் நம்மூர் மணங்களும்

நாகர்கோவிலில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு, மணம் தெரியவில்லை என்று வருபவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு ஜெர்மனியில் உருவான ‘ஸ்னிஃபின் ஸ்டிக்ஸ்’ வைத்துப் பார்ப்போம். ஸ்கெட்ச் பேனா மாதிரி 16 பேனா. ஒவ்வொன்றையும் திறந்து மூக்கருகே காட்டி, அட்டையில் உள்ள நான்கு பெயர்களில் எது என்று கேட்க வேண்டும்.

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் வெட்டும் பெரியவர் ஒருவர் வந்தார். டர்பன்டைன் பேனாவைக் காட்டினேன். பெயர்களில் ரப்பரும் இருந்தது. “எந்த ரப்பர் மக்களே? பாலா, புகை போட்ட ஷீட்டா, ஒட்டுப்பாலா?” என்றார். மூன்றும் மூன்று வாடை. மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலின் வாடை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. இன்னொரு தடவை முகர்ந்துவிட்டு, “இது எதுவுமில்ல, பெயின்ட் அடிக்கிறவன் கை வாடையாக்கும்” என்றார். அதுதான் சரி, டர்பன்டைன் பெயின்டில் கலப்பதுதான். அடுத்து அதிமதுரம். ஜெர்மனி மாதிரி ஊர்களில் அது பிள்ளைகள் தின்னும் கறுப்பு மிட்டாயின் மணம். அதில் சோம்பு மணமும் சேர்ப்பதுண்டு. பெரியவர் பெருஞ்சீரகம் என்றார். அட்டையில் அந்தப் பெயர் இல்லை, மார்க் போயிற்று. அவர் மூக்கில் என்ன குறை?

தோவாளையில் பூ கட்டும் அக்கா ரோஜாப் பேனாவை முகர்ந்துவிட்டு, “இது பூவே இல்ல, கல்யாண வீட்டுல தெளிக்கிற பன்னீராக்கும்” என்றார். கண்ணை மூடிக்கொண்டே பிச்சியையும் மல்லியையும் பிரித்துச் சொல்பவர் அவர்.

1984இல் வந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 40 மணச் சோதனையில் ரூட் பியர் என்ற அமெரிக்க பானம், ஜிஞ்சர்பிரெட் என்ற இஞ்சி கேக் எல்லாம் உண்டு. நம்மூர் ஆச்சிமார் அவற்றை எங்கே கண்டார்கள்? ஜப்பான்காரர்கள் ஹினோகி மரம், எழுதும் கறுப்பு மை, கண்டென்ஸ்டு மில்க் என்று தங்களுக்குப் பழகியதை வைத்துத் தனியாகவே ஒரு சோதனை செய்துகொண்டார்கள். நமக்கும் அது வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ஆனால் சும்மா கருவாட்டையும் கருப்பட்டியையும் டப்பாவில் அடைத்து நீட்டினால் ஆகாது. கருவாட்டு வாடை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். எல்லாருக்கும் ஒரே அளவு மணம் போக வேண்டும். மூக்கு நன்றாக உள்ள நம்மூர்க்காரர்களிடம் முதலில் கொடுத்து, பெரும்பாலானோர், வழக்கமாக நூற்றுக்கு 75 பேராவது, சரியாகச் சொல்லும் மணத்தைத்தான் எடுப்பார்கள். கூடக் கொடுக்கும் மூன்று தவறான பெயர்களும் பழகினவையாக இருக்க வேண்டும். அப்புறம், வீட்டில் தைலத்தை முகரவைத்து “மூக்கு நல்லா இருக்கு” என்று சொல்லாதீர்கள். தைலத்தின் காரம் வேறு நரம்பு வழியாகவும் தெரியும். மண உணர்வே போனவருக்கும் அது சுரீரென்று ஏறும்.

இப்போதெல்லாம் அட்டையிலுள்ள பொருள்களை முதலிலேயே வாசித்துக் காட்டி, எவை பழக்கம் என்று கேட்டுக் குறித்துவைக்கிறேன். மார்க்கோடு அந்தக் குறிப்பும் டாக்டருக்குப் போகும். குளச்சலிலிருந்து வந்த மீன்கார அம்மா விஷயத்தில் அது உதவியது. கிராம்பு, காப்பி, மீன் மூன்றும் அவருக்கு அத்துப்படி. மூன்றையும் முகர்ந்துவிட்டு ஒரு வாடையும் இல்லை என்றார். நடை மெதுவாகிவிட்டது என்று மகனும் சொன்னார். பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே மணம் குறையலாம். அன்றைக்கே டாக்டர் நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.