ஆக்சஸ் ஃபார்மில் செட்ஃபோகஸ் கொடுத்தும் கர்சர் அடுத்த பெட்டிக்கு ஓடுகிறது

கேள்வி:
வணக்கம். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தள மென்பொருளில் ஓர் ஆர்டர் ஃபார்ம் செய்கிறேன். அளவுப் பெட்டியில் பூஜ்யம் அடித்தால் மெசேஜ் காட்டிவிட்டு கர்சர் அங்கேயே நிற்க வேண்டும். ஆஃப்டர் அப்டேட் ஈவென்டில் மெசேஜ் பாக்ஸ், அடுத்த வரியில் கர்சரை ஒரு பெட்டிக்குக் கொண்டுபோகும் செட்ஃபோகஸ். மெசேஜ் வருகிறது, ஓகே கொடுத்ததும் கர்சர் அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறது. அப்புறம், பொருள் தேட ஒரு சின்ன ஃபார்ம் திறக்கிறேன். அதில் எதையும் தேர்வு செய்யும் முன்பே அதைத் திறக்கும் ஓப்பன்ஃபார்ம் வரிக்குக் கீழே உள்ள கோடு (நிரல்) ஓடி முடிந்து விடுகிறது, பெரிய ஃபார்மைத் தொட்டால் சின்னது பின்னால் மறைந்தும் போகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
முதல் பிரச்சினைக்குக் காரணம் ஈவென்ட்கள், அதாவது நிகழ்வுகள், நடக்கும் வரிசை. பிஃபோர் அப்டேட் (மதிப்பு பதிவாகும் முன்), ஆஃப்டர் அப்டேட் (பதிவான பின்), பிறகு பெட்டியை விட்டுப் போகும்போது எக்ஸிட், லாஸ்ட் ஃபோகஸ் என்று ஓடும். ஆஃப்டர் அப்டேட் நடக்கும்போது கர்சர் இன்னும் உங்கள் பெட்டியில்தான் இருக்கிறது, அதனால் அதே பெட்டிக்கு செட்ஃபோகஸ் சொல்வதில் எதுவும் நடக்காது, அது முடிந்ததும் நீங்கள் அழுத்திய டேப் தன் வேலையைச் செய்கிறது. சோதனையை பிஃபோர் அப்டேட்டுக்கு மாற்றி கேன்சல் = ட்ரூ என்று போடுங்கள், கர்சர் நகராது. செட்ஃபோகஸ் வரியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், அங்கே இருந்தால் 2108 பிழை வரும். ஒன்று கவனியுங்கள்: பெட்டியில் எதுவும் அடிக்காமல் டேப் அழுத்திப் போனால் அந்தப் பெட்டியின் பிஃபோர் அப்டேட் வரவே வராது. காலியாக விடக்கூடாது என்றால் ரெக்கார்டு சேமிக்கும் முன் ஓடும் ஃபார்மின் பிஃபோர் அப்டேட்டிலும் சோதியுங்கள், அங்கே கேன்சலோடு செட்ஃபோகஸ் தாராளமாகக் கொடுக்கலாம்.

பதில் 2:
தேடும் ஃபார்முக்கு ஓப்பன்ஃபார்மில் விண்டோ மோடாக (ஃபார்ம் திறக்கும் விதம்) ஏசிடயலாக் கொடுங்கள். அந்த ஃபார்ம் மூடும் வரை, அல்லது மறையும் வரை, கோடு அடுத்த வரிக்குப் போகாது, சின்ன ஃபார்மும் முன்னாலேயே நிற்கும். அந்த மறைவதுதான் நமக்கு வேண்டியது. ஓகே பட்டனில் ஃபார்மை மூடாமல் மீ.விசிபிள் = ஃபால்ஸ் என்று எழுதி மறையுங்கள், ஆர்டர் ஃபார்மின் கோடு தொடர்ந்து ஓடும், தேர்வு செய்த எண்ணை அங்கிருந்து எடுத்துக்கொண்டு பிறகு டூசிஎம்டி.குளோஸ் கொடுத்து அதை மூடுங்கள். ரத்து பட்டனில் நேராக மூடிவிடுங்கள், மதிப்பை எடுக்கும் முன் ஃபார்ம் இன்னும் திறந்திருக்கிறதா என்று ஐஸ்லோடட் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
இரண்டும் சரியாகிவிட்டது, மிக்க நன்றி! ஆனால் புதுப் பொருள் சேர்த்துவிட்டுத் திரும்பினால் காம்போ பாக்ஸில் (விரியும் பட்டியல் பெட்டி) அது வரவில்லை. பட்டியலைப் புதுப்பிக்கும் ரீகுவெரியை, ஃபார்ம் முன்னால் வரும்போது ஓடும் ஆர்டர் ஃபார்மின் ஆக்டிவேட்டில் போட்டிருக்கிறேன்.

பதில் 2:
டயலாக், பாப்-அப் ஃபார்ம்களிலிருந்து திரும்பும்போது ஆக்டிவேட் நடக்காது. வேறு அப்ளிகேஷனுக்குப் போய்த் திரும்பினாலும் அப்படித்தான். ஓப்பன்ஃபார்முக்கு அடுத்த வரியிலேயே காம்போவை ரீகுவெரி செய்யுங்கள், கோடு அங்கே காத்துக்கொண்டுதானே நிற்கிறது.

பதில் 1:
ஆர்டர் வரிகள் சப்ஃபார்மில் (ஃபார்முக்குள் இருக்கும் ஃபார்ம்) இருந்தால் ஒரே செட்ஃபோகஸ் போதாது. முதலில் சப்ஃபார்ம் கன்ட்ரோலுக்கு, பிறகு உள்ளே இருக்கும் பெட்டிக்கு.