டயர் மாற்றிய மறுநாளே வீல் நட் லூஸ். போல்ட்டையும் மாற்ற வேண்டுமா?

செட்டிநாடு_ஸ்விஃப்ட் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு டயர் கடையில் முன் டயர் இரண்டும் புதிதாகப் போட்டேன். பேலன்சிங், அலைன்மென்ட்டும் அங்கேயே முடிந்தது. மறுநாள் காலை அம்மாவையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு காரைக்குடிக்குக் கிளம்பினோம். வண்டி ஸ்விஃப்ட், இரும்பு ரிம், மேலே பிளாஸ்டிக் வீல் கப்.

டோல்கேட் நெரிசலில் ஊர்ந்து போகும்போது இடது முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். வேகம் எடுத்தால் நின்றுவிடும், பிரேக் போட்டு மெதுவாக்கினால் திரும்ப வரும். மாத்தூர் தாண்டியதும் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. கீரனூர் வருவதற்கு முன்பே ஆட்டம் பலமாகிவிட்டது, ஓரம் கட்டினேன். வீல் கப்பை நெம்பி எடுத்தால் ஒரு நட் கழன்று கப்புக்குள்ளேயே கிடக்கிறது. மீதி மூன்றில் இரண்டு விரலாலேயே சுற்றுகின்றன. அம்மா அதைப் பார்த்துவிட்டு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜாக்கி போட்டு நான்கையும் முறுக்கி, மெதுவாகக் கீரனூர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக் மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தார், அவை சரியாக இருந்தன. டயர் கடைக்கு போன் செய்தால், "அந்த நேரம் வேற வண்டி வந்துடுச்சு சார், பையன் மறந்துட்டான். இப்பத்தான் முறுக்கியாச்சே, ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். அப்பாவும் அதையேதான் சொல்கிறார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அவ்வளவு தூரம் லூஸாக ஓடிய போல்ட்டை நம்பலாமா? ரிம் என்ன ஆகியிருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீளமேடு_பட்டறை எழுதியது:

தம்பி, குடும்பத்தோடு நல்லபடியாக இறங்கினீர்களே, அதுவே பெரிசு. உங்கள் கேள்விக்குப் பதில்: மாற்றுங்கள். அந்தச் சக்கரத்தில் இருக்கும் நான்கு போல்ட்டும், நான்கு நட்டும். காரணத்தையும் சொல்கிறேன், அப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

வண்டியின் பாரத்தை போல்ட் நேராகத் தாங்குகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டை முறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீளும். நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்பில்தான் ரிம், சக்கரத்தை மாட்டும் ஹப்போடு அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு இரும்பு முகங்களுக்கும் நடுவில் உள்ள உராய்வுதான் வண்டியைச் சுமக்கிறது, பிரேக்கையும் தாங்குகிறது. நட் லூஸானால் அந்தப் பிடி போய்விடும். அப்புறம் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் போல்ட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைக்கும். இரும்புக் கம்பியைக் கையால் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதேதான். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மரைக்கு அடியில் விரிசல் தொடங்கியிருக்கும். அது இன்றைக்கே ஒடியாமல் இருக்கலாம். ஒரு மாதம் கழித்து, நன்றாக முறுக்கிய நட்டோடு சேர்ந்து போல்ட்டின் முனை தனியாக ஒடியலாம். அப்போது யாரும் இந்த டயர் கடையை நினைக்கப்போவதில்லை.

ரிம்மைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நட் உட்காரும் இடம் கூம்பு மாதிரிச் சரிவாக இருக்கும். அந்தச் சரிவு பளபளவென்று தேய்ந்திருந்தாலோ, ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தாலோ, விளிம்பில் பிசிறு எழுந்திருந்தாலோ ரிம்மும் போக வேண்டியதுதான். வெல்டு வைத்து அடைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். அலாய் ரிம்மாக இருந்திருந்தால் இதைவிட சீக்கிரம் கெட்டிருக்கும். போல்ட்டில் மரையின் நுனி தட்டையாகியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள், ஓட்டை விளிம்பு உரசிய தடம் தெரியும். தடம் இல்லாவிட்டாலும் என் முடிவு மாறாது. ரிம்மின் விலையைப் பார்த்தால் போல்ட் விலை பெரிதே இல்லை. பழைய போல்ட்டைத் தட்டி எடுத்துப் புதிதை இழுத்து உட்கார வைப்பது பட்டறை வேலை, சில வண்டிகளில் ஹப்பையே கழற்ற வேண்டிவரும்.

அந்தக் கடகட சத்தம் கப்புக்குள் உருண்ட நட்தான். வேகம் எடுத்ததும் சுழற்சியில் அது கப்பின் ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும். வேகம் நன்றாகக் குறைந்தால் திரும்ப உருளும். மெதுவாகப் போகும்போது மட்டும் சக்கரத்தில் சத்தம் கேட்டால், யாராக இருந்தாலும் முதலில் கப்பைக் கழற்றிப் பாருங்கள். ஸ்டியரிங் ஆட்டத்திலும் வித்தியாசம் உண்டு. பேலன்சிங் கோளாறு என்றால் 80, 100 என்று ஒரு வேகத்தில் வரும், அதைத் தாண்டினால் குறையும். நட் லூஸ் என்றால் வேகம் குறைத்தாலும் போகாது, நேரம் ஆக ஆகக் கூடும்.

இப்போது மறதி. அந்தப் பையனை மட்டும் திட்டிப் பயனில்லை. சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது நட்டை லேசாகத்தான் ஏற்ற முடியும், முறுக்கினால் சக்கரமே கூடச் சுற்றும். அதனால் வண்டியை இறக்கி, டயர் தரையைத் தொட்ட பிறகுதான் கடைசி முறுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போன் வரும், டீ வரும், இன்னொரு வண்டி வரும். திரும்பி வருகிறவன் கண்ணுக்கு நான்கு நட்டும் இடத்தில்தான் இருக்கும், வேலை முடிந்த மாதிரியே தெரியும். மேலே கப்பும் போட்டுவிட்டால் கண்ணுக்கே தெரியாது.

என் பட்டறையில் பையன்களுக்கு நான் வைத்திருக்கும் வழக்கம் இது. டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) போட்டு முறுக்கிய நட்டில் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு, நட்டிலிருந்து ரிம்முக்கு இழுத்து. கோடு இல்லாத நட் முறுக்காத நட், விவாதமே கிடையாது. கோடு விழுகிற வரை வீல் கப் வண்டியின் டிரைவர் சீட்டில் இருக்கும், அதைத் தூக்காமல் யாரும் உட்கார்ந்து வண்டியை எடுக்க முடியாது. கோட்டைப் போட்டவன் ஒருவன், பார்த்துவிட்டுக் கப்பை மாட்டுகிறவன் இன்னொருவன். முறுக்குகிற நேரத்தில் போனை எடுக்கக் கூடாது. எடுத்தால் முதல் நட்டிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

மறந்துவிடுவோம் என்ற பயத்தில் காற்றில் ஓடும் கன்னை வைத்து இறுக்கித் தள்ளுகிற கடைகளும் உண்டு. அதுவும் தப்புதான். ஸ்விஃப்ட்டுக்கு வேண்டிய முறுக்கு சுமார் 100 நியூட்டன் மீட்டர். 30 சென்டிமீட்டர் ஸ்பேனர் என்றால் முனையில் சுமார் 34 கிலோ அழுத்தம் போதும். 70 கிலோ ஆள் அதன் மேல் ஏறி நின்றால் இரண்டு மடங்கு ஆகிவிடும், போல்ட் நீண்டு திரும்பச் சுருங்காமல் போகும். நட்டை நட்சத்திரக் கணக்கில் எதிரெதிராக முறுக்குங்கள். மரையில் கிரீஸ், ஆயில் எதுவும் தடவாதீர்கள், அதே முறுக்குக்கு இழுப்பு கூடிவிடும். ஹப் முகத்தில் உள்ள துருவை ஒயர் பிரஷ் போட்டு எடுத்துவிடுங்கள். துருவின் மேல் உட்கார்ந்த ரிம், துரு நசுங்கியதும் தானாகவே லூஸாகும்.

டிப்போ_ஃபிட்டர் எழுதியது:

பட்டறைக்காரர் சொன்னது அத்தனையும் சரி. நான் பஸ் டிப்போவில் சக்கர வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரிய வண்டிக்காரர்கள் காலையில் கிளம்புமுன் நட்டை ஒவ்வொன்றாகச் சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். இறுக்கமான நட் கணீரென்று கேட்கும், லூஸானது மந்தமாக. நட்டின் அடியிலிருந்து ரிம்மின் மேல் துரு கோடாக வடிந்திருந்தாலும் அங்கே அசைவு இருக்கிறது என்று அர்த்தம். வெளிநாட்டு லாரிகளில் நட்டின் மேல் மஞ்சள் பிளாஸ்டிக் அம்பு மாட்டியிருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பக்கத்துப் பக்கத்து அம்புகள் ஒன்றை ஒன்று நோக்கி நிற்கும், விலகினால் நட் திரும்பிவிட்டது என்று டிரைவர் நடந்து போகும்போதே தெரிந்துவிடும்.

பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. வழக்கம்போல் வலது பக்கம் சுற்றி 'இறுக்கினால்' கழன்றுவிடும்.

ரொறன்ரோ_அண்ணா எழுதியது:

தம்பி, நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். இங்கே குளிர் தொடங்க ஒருக்கா, முடிய ஒருக்கா ரயர் மாத்த வேணும். அதாலை இந்த நட் விசயம் எங்கட ஆக்களுக்கு நல்லாப் பழக்கம். மாத்தின பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப வந்து இறுக்கம் பார்க்கச் சொல்லி கராஜ்காரரே பில்லில எழுதித் தருவினம். அதுக்குக் காசு வாங்கிறேல்லை. உங்களுக்கும் புது போல்ட் போட்ட பிறகு இதைக் கட்டாயம் செய்யுங்கோ.

1990களின் நடுவில இங்க நெடுஞ்சாலையில லொறிச் சில்லு கழன்று போய் மற்ற வாகனங்களில அடிச்சு ஆக்கள் செத்தவை. அதுக்குப் பிறகு எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில 1997இல் சட்டம் வந்தது. லொறி, பஸ் மாதிரி வாகனத்தில சில்லு கழன்றால் 2,000 டொலரில இருந்து 50,000 டொலர் வரை தண்டம். கவனமாத்தான் பார்த்தனாங்கள் எண்டு சொன்னாலும் அந்த வழக்கில எடுபடாது. அந்தக் கடைக்காரர் 'ஒண்ணும் ஆகாது' எண்டதைப் படிக்கேக்க எனக்குக் கோபம் வந்தது.

செட்டிநாடு_ஸ்விஃப்ட் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காரைக்குடியிலேயே ரிம்மைக் கழற்றிப் பார்த்தோம். ஓர் ஓட்டையில் சரிவு தேய்ந்து, விளிம்பில் பிசிறு இருந்தது, நகம் மாட்டுகிறது. போல்ட் இரண்டில் மரை தட்டையாகியிருந்தது. அப்பாவே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "மாத்திடு" என்று சொல்லிவிட்டார். நான்கு போல்ட், நான்கு நட், ஒரு ரிம் மூன்றும் ஆர்டர் கொடுத்தாயிற்று. வரும்வரை வண்டி வீட்டில்தான்.

ஒரே ஒரு சந்தேகம். என் வண்டிப் புத்தகத்தில் முறுக்கு 85 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது, பட்டறை அண்ணன் 100 என்கிறார். எதை வைப்பது?

பீளமேடு_பட்டறை எழுதியது:

புத்தகத்தில் இருப்பதை வையுங்கள் தம்பி. பழைய ஸ்விஃப்ட் புத்தகத்தில் 85, பிறகு வந்ததில் 100. வேறு வண்டிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: டொயோட்டாவில் பலவற்றுக்கு 103, போலோவுக்கு 120, அதில் நட்டே கிடையாது, போல்ட்டை நேராக ஹப்பில் ஏற்றுவார்கள். புது ரிம்மில் நட் உட்காரும் சரிவில் பெயின்ட் தடிப்பாக இருந்தால், 50 கிலோமீட்டரில் பார்க்கும்போது நட் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். அப்படித் திரும்பினால் இன்னொரு 50 கழித்தும் ஒரு தடவை பாருங்கள். டார்க் ரெஞ்சை வேலை முடிந்ததும் அதில் உள்ள மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து தப்புக் கணக்குக் காட்டும்.