புதுப்பிப்பு: தாக்குதல், தற்காப்புப் பகடை விதியை மாற்றிவிட்டேன்

நான் உருவாக்கும் விளையாட்டின் சண்டை பற்றிப் போன முறை கேட்டது இதுதான்: தாக்குபவர் ஒரு ஆறுமுகப் பகடை, தடுப்பவர் ஒன்று, சமமானால் தடுப்பவருக்கு வெற்றி, ஆனால் சண்டை ஏன் இவ்வளவு இழுக்கிறது? உட்கார்ந்து கணக்குப் போட்டதும் புரிந்தது, 36 வாய்ப்புகளில் 15 மட்டுமே அடியாகிறது, அதாவது 42 சதவீதம்கூட இல்லை. தொடர்ந்து இரண்டு முறை வீணாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நடக்கும், அது விளையாடுபவரை உண்மையிலேயே சோர்வாக்குகிறது.

இப்போது தாக்குபவர் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கிறார். 216 வாய்ப்புகளில் 125 அடியாகிறது, ஏறக்குறைய 58 சதவீதம். சமமானால் காயம் இல்லை, தடுப்பவர் ஒரு கட்டம் பின்வாங்க வேண்டும், இந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, மேடையின் விளிம்பில் நிற்கும்போது சமன்கூட பயமுறுத்துகிறது. எண்களின் வித்தியாசமே காயம், அதற்கென்று தனி உருட்டல் கிடையாது.

அப்புறம் கேடயம். அதை வைத்துத் தடுப்பவரும் இரண்டு உருட்டிப் பெரியதை எடுத்தால் தாக்குதல் 39 சதவீதத்துக்கு இறங்கி, பழைய பிரச்சினை திரும்பி வந்துவிடுகிறது. அதனால் கேடயம் ஒரு சுற்றுக்கு ஒரே அடிக்குத்தான், எந்த அடிக்கு என்பதைத் தாக்குபவர் உருட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஒரே ஆளைப் பலர் சூழ்ந்து அடிப்பது இன்னும் சரியாக வரவில்லை, அடுத்து அதைத்தான் பார்க்கிறேன்.