தானே புயல் யார் பாவத்தின் சம்பளம்?

மஞ்சக்குப்பத்தான்: நேற்று இங்கே ஒருவர் எழுதுகிறார், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை அடித்தது ஊர் செய்த பாவத்துக்குத் தண்டனையாம். பண்ருட்டியில் வேரோடு சாய்ந்த பலாவும் முந்திரியும் என்ன பாவம் செய்தன? பைபிளில் யோவான் 9ஆம் அதிகாரம் வாசித்ததுண்டா? பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. முடிந்தது.

ஜெபவீரன்: எழுதியது நான்தான். முடியவில்லை ஐயா. யோவான் 5:14. பெதஸ்தா குளத்தருகே 38 வருடம் கிடந்தவனைக் குணமாக்கிவிட்டு, ‘அதிக கேடானதொன்றும் உனக்கு வராதபடி இனிப் பாவஞ்செய்யாதே’ என்றவரும் அதே இயேசுதான். பதில் சொல்லுங்கள்.

வில்லியனூர் மரியதாசன்: லூக்கா 13. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பாவிகளா? இல்லை என்கிறார் இயேசு.

ஜெபவீரன்: அடுத்த வரியை ஏன் விழுங்கினீர்? மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்றும் இருக்கிறது. 5:14க்குப் பதில் வரவில்லை.

ஜெபவீரன்: இன்னொன்று. கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரனுக்கு முதலில் பாவமன்னிப்பு, பிறகுதான் சுகம். தாவீது ராஜாவின் பாவம் நீங்கிற்று என்று சொன்ன வாயாலேயே, அவருடைய பிள்ளை சாகும் என்றும் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னார். மன்னிப்பு கிடைத்தாலும் அடி விழும்.

வில்லியனூர் மரியதாசன்: அட, இதைத்தானே கத்தோலிக்கர் நாங்கள் காலங்காலமாகச் சொல்கிறோம்! குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் பாவம் போகும், பரிகாரம் பாக்கி நிற்கும். செத்த பிறகு அதைத் தீர்க்கத்தான் உத்தரிக்கிற ஸ்தலம். போன மாதம் இதற்குத்தானே சிரித்தீர்?

ஜெபவீரன்: இப்போதும் சிரிக்கிறேன். வசனம் காட்டும். மெழுகுவர்த்தி வியாபாரம் வேண்டாம்.

வில்லியனூர் மரியதாசன்: காணிக்கைக் கவரை மூன்று தடவை சுற்றுக்கு விடுகிறவர் பேசுகிறார்.

மஞ்சக்குப்பத்தான்: சரி, 5:14க்கே வருகிறேன். அது இனி வரப்போவதற்கான எச்சரிக்கை. அந்த 38 வருடத்துக்குப் பாவம்தான் காரணம் என்று எங்கே இருக்கிறது?

ஜெபவீரன்: காரணம் இல்லாமலா எச்சரிப்பார்? சுற்றி வளைக்காமல் 5:14க்குப் பதில்.

தேவனாம்பட்டினத்தான்: 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் கரையில் அலை இழுத்துப் போனதில் பால்குடி மறக்காத பிள்ளைகளும் உண்டு. அந்தத் தாய்களிடம் வந்து உங்கள் 5:14ஐப் படித்துக் காட்டுங்கள் பார்ப்போம். எல்லாம் இழந்து தவித்த நீதிமான் யோபுவைச் சுற்றி உட்கார்ந்து இதே நியாயம் பேசிய கூட்டாளிகள் மேல்தான் கடைசியில் கடவுளுக்குக் கோபம் வந்தது.

ஜெபவீரன்: வருத்தம்தான் அண்ணே. ஆனால் உணர்ச்சி வேறு, வேதம் வேறு. 5:14 அப்படியேதான் இருக்கிறது.

மஞ்சக்குப்பத்தான்: உங்கள் சபைப் பந்தலும்தான் தானேயில் பறந்தது. அது யார் பாவம்?

ஜெபவீரன்: பந்தல்காரன் கட்டிய கயிறு சரியில்லை.

வில்லியனூர் மரியதாசன்: ஆக, உங்களுக்கு வந்தால் கயிறு, எங்களுக்கு வந்தால் பாவம்!

ஜெபவீரன்: கயிற்றுக்குத் தனி விவாதத் திரி போடும். இங்கே 5:14.