கொட்டில் கழுவிய தண்ணீரைக் கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) விடலாமா?

விசுவமடுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் 9 மாடுகள் நிற்கின்றன, அதில் 5 கறவை. காலையும் மாலையும் கொட்டில் கழுவ, மேலே வைத்திருக்கிற 500 லீற்றர் தாங்கி அநேகமாகக் காலியாகிவிடும். சாணகமும் சலமும் (மூத்திரமும்) கலந்த அந்தத் தண்ணீர் முழுவதும் பின்பக்கம் வேப்பமரத்தடியில் போய்த் தேங்கி நிற்கிறது. சோளகக் காற்றுப் பெயர்ந்ததிலிருந்து மணம் நேரே பக்கத்து வீட்டு அடுப்படிக்குள் போகிறது. அந்த அக்கா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மோர் வாங்க வருவதைத்தான் நிறுத்திவிட்டார்.

இன்னொரு பக்கம் கிணறு வற்றுகிறது. பம்ப் ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் காற்று இழுக்கத் தொடங்கிவிடும். முக்கால் ஏக்கர் கச்சான், அரை ஏக்கர் சோளம், வேலியோரம் மாட்டுக்குக் கோ-3 தீவனப் புல். இவ்வளவுக்கும் அந்தத் தண்ணீர் காணாது.

போன மாதம் கழிவுத் தண்ணீரை வாளியில் அள்ளி இரண்டு வரிசை பயிற்றங்கொடிக்கு ஊற்றிப் பார்த்தேன். மத்தியான நேரம், அதுவும் இலை மேலேயே விழுந்தது. மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் பீடி சுட்டது போலக் கருகிவிட்டது. அதே தண்ணீர் வழிந்து போன இடத்தில் புல் என் தோளுக்கு மேலே நிற்கிறது! மாமா "மாட்டுச்சலம் பசளைதானே, கச்சானுக்குத் திறந்து விடு பிள்ளை" என்கிறார். எனக்குக் கை வரவில்லை. கிணறும் அந்தத் தேக்கத்திலிருந்து இருபத்தைந்து அடிதான் இருக்கும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ.

முறிப்பான்:

எங்கள் அப்பு காலத்தில் இரவில் மாட்டை வயலில் பட்டி அடைத்துவிட்டுக் காலையில் அவிழ்ப்பார்கள். யாரும் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை. நெல் விளைந்ததுதானே? மாமா சொல்வதைக் கேளுங்கோ தங்கச்சி.

அக்கராயன் பால்:

முறிப்பான் அண்ணை, பட்டி அடைப்பது வேறு. அது பயிர் இல்லாத நிலம். இடத்தை மாற்றி மாற்றி அடைப்பார்கள், பிறகு மழை பெய்யும், உழுவார்கள், அதன் பிறகுதான் விதைப்பு. தங்கச்சி கேட்பது நிற்கிற பயிருக்கு, அதுவும் கோடையில்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியதே, அந்தக் காலபோகத்தில் (மழைக்கால நெற்செய்கையில்) யூரியாவுக்கு எங்கே போவது? கொட்டில் கிடங்குத் (கழிவுக் குழித்) தண்ணீரை வாய்க்கால் வாயில் கலந்து ஒரு ஏக்கர் நெல்லுக்கு விட்டேன். சும்மா சொல்லக்கூடாது, பக்கத்து வயல்கள் மஞ்சளாக நிற்க என்னுடையது பச்சையாக நின்றது. வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! தலை கொஞ்சம் வீங்கிவிட்டது. அடுத்த காலபோகத்தில் யூரியா கைக்கு வந்தது. பழக்க தோஷத்தில் அதையும் போட்டேன், கிடங்குத் தண்ணீரையும் விட்டேன். பயிர் கருகருவென்று இடுப்பளவு வந்தது. தை மாதம் ஒரு இரவு மழை, விடியப் போய்ப் பார்த்தால் பாய் விரித்தது போல முழுவதும் படுத்துக் கிடக்கிறது. கபில நிறத் தத்திப் பூச்சியும் சேர்ந்துகொண்டது. வெட்டின நெல்லில் பதர்தான் கூட. சலத்தில் இருப்பதும் யூரியா என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது செய்வது இதுதான். முதலில் ஒரு சின்னத் தொட்டி. சாணகம் அடியில் தங்கும், அதை வாரத்துக்கு ஒருக்கால் அள்ளிக் கூட்டெருக் குவியலில் போட்டுவிடுவேன். மேலே தெளிந்தது மட்டும் பெரிய கிடங்குக்கு வழியும். 10 அடிக்கு 10 அடி, 4 அடி ஆழம் வெட்டினால் 11,000 லீற்றருக்கு மேல் பிடிக்கும், உங்கள் கணக்குக்கு மூன்று கிழமைக்குக் காணும். அடியிலும் பக்கத்திலும் தடித்த பொலித்தீன் கட்டாயம் போடவேண்டும். வேப்பமரத்தடித் தேக்கத்தை மூடிவிடுங்கோ.

விடும்போது ஒரு பங்குக்கு நாலு பங்கு கிணற்றுத் தண்ணீர். பின்னேரம், வெயில் இறங்கின பிறகு, பாத்தி வாய்க்காலால் வேரடிக்கு. வெயிலில் விட்டால் நைதரசன் அமோனியாவாக ஆவியாகிப் போய்விடும், மூக்கு எரிவது அதனால்தான். ஒரு தடவை இது, அடுத்த இரண்டு தடவை நல்ல தண்ணீர், இல்லாவிட்டால் உப்பு மண்ணில் ஏறும். சொட்டுநீர்க் குழாயில் மட்டும் விட்டுவிடாதேங்கோ. நான் விட்டு, ஊசி வைத்து ஒவ்வொரு துளையாகக் குத்திக்கொண்டு இருந்தேன்.

புளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிற நாளிலும், மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் கறந்து ஊற்றுகிற நாளிலும் தண்ணீரைக் கிடங்குக்கு விடாமல் வேறு பக்கம் திருப்புவேன். கிணற்றுப் பக்கம் அல்ல.

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்:

பால்காரத் தம்பி சொன்னது சரி. நான் கச்சானைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில்தான் மாமா பிழை விடுகிறார். பிள்ளை, கச்சான் தன் வேர் முடிச்சிலேயே நைதரசனைத் தேடிக்கொள்ளும். மேலதிகமாகக் கொடுத்தால் கொடிதான் கொழுக்கும். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. மண்ணுக்குள் இறங்கின காய் தனக்கு வேண்டிய கல்சியத்தை வேர் வழியாக அல்ல, சுற்றியிருக்கிற மண்ணிலிருந்து நேரடியாகவே எடுக்கும். மாட்டுச்சலத்தில் பொட்டாசியம் மிக அதிகம். அது மேல்மண்ணில் ஏறிவிட்டால் கல்சியத்தைக் காய்க்குப் போகவிடாது. பிடுங்கிப் பார்த்தால் கோது இருக்கும், பருப்பு இராது. பொக்குக் கச்சானை எந்த வியாபாரி வாங்குவான்? பூத்து, காய் பிடிக்கிற விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரத்தில் கச்சான் கேட்பது கல்சியம் உள்ள ஜிப்சம்.

சோளத்துக்கு விடுங்கோ, அது நைதரசன் தின்னி. புல்லுக்கு விடுங்கோ. வெட்ட இரண்டு கிழமை இருக்கும்போது நிறுத்துங்கோ. வெள்ளரி, தக்காளி, வல்லாரை போலப் பச்சையாகச் சாப்பிடுகிறது எதற்கும் வேண்டாம், கிருமி இருக்கிறது.

எனக்குப் பயம் பயிரில் இல்லை, அந்த 25 அடிக் கிணற்றில்தான். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. போனால் புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கிற கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டக் கிணறுகளில் இந்தக் கதை எத்தனை வருஷமாக நடக்கிறது! நீர் வழங்கல் சபையில் ஒரு போத்தல் கொடுத்துச் சோதித்துப் பாருங்கோ.

விசுவமடுக்காரி:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்துத்தான் எழுத முடிந்தது. வேப்பமரத்தடியை மண் போட்டு மூடிவிட்டோம். கிடங்கைக் கிணற்றுக்கு மறுபக்கம், பள்ளமான மூலையில் வெட்டினோம். பொலித்தீன் விலையைக் கேட்டதும் இவர் 8 அடி போதும் என்றுவிட்டார். கிணற்றுத் தண்ணீர் சோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் கோயில் கிணற்றில் அள்ளுகிறோம்.

சோளத்துக்கு ஒன்றுக்கு நாலு கலந்து இரண்டு முறை விட்டாயிற்று. கருகவில்லை. கச்சானுக்குக் கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான். புல்லும் சோளமும் ஒரு பங்கை இதில் குடிப்பதால் இப்போது பம்ப் காற்று இழுக்கும் முன்னமே கச்சான் நனைந்துவிடுகிறது.

மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பொக்குக் கச்சான் கதையைச் சொன்னதற்கு, "நான் தின்னாத கச்சானா" என்றார். நேற்றும் யாருக்கும் தெரியாமல் ஒரு வாளி கொண்டுபோய் முருங்கைக்கு ஊற்றியிருக்கிறார். வாளி அங்கேயே கிடந்தது.