மொட்டை மாடியில எந்த பார்ட் போடுறது?

ராஜி அத்தை: சாயங்காலம் மாடியில ஸ்பைடர்மேன்தானே? குட்டிப் பய மூணாவது பார்ட்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அதுல கறுப்பு டிரஸ்ல வருவானாமே.

கார்த்தி: ஐயோ அத்தை, மூணு வேண்டாம். ரெண்டு போடுவோம்.

ராஜி அத்தை: ஏண்டா, எல்லாம் ஒரே ஆளுங்க எடுத்ததுதானே?

கார்த்தி: அதான் கொடுமை. அதே டைரக்டர் சாம் ரெய்மி, அதே ஹீரோ டோபி மகுவயர். ரெண்டாவது 2004, மூணாவது 2007. சமைச்ச கை ஒண்ணுதான், ஆனா மூணாவதுல ஆளாளுக்கு அடுப்படியில புகுந்து உப்பு போட்டுட்டாங்க.

முரளி சித்தப்பா: ரெய்மிக்கு அந்தக் கறுப்பு வில்லன் வெனம் மேல பெரிய ஆசையே இல்லக்கா. ரசிகர்கள் கேக்குறாங்கன்னு தயாரிப்பாளர் அவி அராட்தான் சேர்க்க வச்சாரு. ஏற்கெனவே மணல் மனுஷன் சாண்ட்மேன் இருக்கான், நண்பனா இருந்து எதிரியான ஹாரி இருக்கான். ரெண்டேகால் மணி நேரத்துல மூணு வில்லன்!

திவ்யா: அதுல டோபி நெத்தியில முடியை இழுத்து விட்டுக்கிட்டு தெருவுல ஒரு ஆட்டம் ஆடுவாரே... நான் தியேட்டர்ல துப்பட்டாவால மூஞ்சிய மூடிக்கிட்டேன்.

கார்த்தி: ஆனா சாண்ட்மேன் உருவாகுற சீனைக் குறை சொல்ல மாட்டேன். மணல் பொடிப்பொடியா சேர்ந்து எந்திரிக்கப் பார்க்கும், சரியும். மக போட்டோ வச்ச லாக்கெட்டை எடுக்கப் போவான், கை உதிர்ந்து போயிடும். ஒரு வசனம் கிடையாது.

திவ்யா: ஆமாடா, அது வேற லெவல். அதே படத்துலதான் அந்த டான்ஸும் இருக்கு.

ராஜி அத்தை: அப்ப படம் ஓடலையா?

முரளி சித்தப்பா: அங்கதான் கூத்தே. டோபி நடிச்ச மூணு படத்துல அதிக வசூல் அதுக்குத்தான், 89 கோடி டாலர் பக்கம். ரெண்டாவது வாங்கி வச்ச பேருக்கு மூணாவதுல கூட்டம் வந்துச்சு. நாலாவதை 2010ல கைவிட்டுட்டாங்க.

ராஜி அத்தை: அப்புறம் வேற ஒரு பையன் வந்தானே?

திவ்யா: ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், 2012. மறுபடி மொதல்லேர்ந்து. சிலந்தி கடிக்கணும், பெரியப்பா சாகணும்.

ராஜி அத்தை: அந்தப் பெரியப்பாவை எத்தனை தடவைடா சுடுவாங்க?

தாத்தா: எந்தப் பெரியப்பா? யாருக்கு என்ன ஆச்சு?

திவ்யா: ஒண்ணுமில்ல தாத்தா, சினிமாவுல.

தாத்தா: பதற வச்சுட்டீங்களே.

கார்த்தி: ஸ்பைடர்மேன் படம் எடுக்குற உரிமை சோனி கம்பெனி கையில இருக்கு. குறிப்பிட்ட வருஷத்துக்குள்ள படம் எடுக்கலைன்னா, ஸ்பைடர்மேன் கதையை உருவாக்குன மார்வெலுக்கே திரும்பிப் போயிடும். குத்தகை நிலம் மாதிரிதான் தாத்தா, மழை இருக்கோ இல்லையோ விதைச்சுக்கிட்டே இருக்கணும்.

முரளி சித்தப்பா: பேட்மேன் படமும் ஒரு தடவை வியாபாரத்துக்காக எடுத்துக் கெட்டுப் போச்சு. 1997ல ஜார்ஜ் க்ளூனி நடிச்சது, பொம்மை விக்கிறதுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கும். டைரக்டர் ஷூமாக்கரே பின்னாடி மன்னிப்பு கேட்டாரு. எட்டு வருஷம் பேட்மேன் படமே வரல. 2005ல டைரக்டர் நோலன் வந்தாரு, 2008ல அவர் படத்துல ஹீத் லெட்ஜர் வில்லன் ஜோக்கரா நடிச்சாரு.

தாத்தா: எட்டு வருஷம் தரிசு போட்டா மண்ணு தேறத்தான் செய்யும்.

திவ்யா: கார்ஃபீல்டைச் சும்மா திட்டாதீங்க. 2014 படம் சுமார்தான், ஒத்துக்கறேன். அதுல காதலி விழுறப்போ அவராலக் காப்பாத்த முடியாது. 2021ல டோபி, இவர், அப்புறம் வந்த டாம் ஹாலண்ட்னு மூணு ஸ்பைடர்மேனும் சேர்ந்து வர்ற படத்துல வேற பொண்ணு விழுவா, இவர் பாய்ஞ்சு பிடிச்சிடுவாரு. ‘நல்லா இருக்கியா’ன்னு அவளைக் கேட்டுட்டு இவர் கண்ணு கலங்கி நிப்பாரு. ஏழு வருஷம் கழிச்சு அந்தப் பழைய படத்துக்கும் ஒரு மரியாதை வந்துச்சு.

கார்த்தி: அதுக்கு அந்த 2014 படத்தை முழுசா உக்காந்து பார்த்திருக்கணுமே, அக்கா.

ராஜி அத்தை: சரிடா, உன் ரெண்டாவதுல அப்படி என்னதான் இருக்கு?

கார்த்தி: பீட்சாவை லேட்டா கொண்டு போய் வேலை போயிடும். வாடகை பாக்கி.

ராஜி அத்தை: உன்னைய மாதிரியே.

கார்த்தி: கேளுங்க அத்தை. ஓடுற ரயிலை வலை போட்டு இழுத்து நிறுத்துவான். முகமூடி இல்லாம மயங்கிச் சரிஞ்சுடுவான். உள்ள இருக்குற ஜனங்க தலைக்கு மேல கை மாத்திக் கை மாத்திக் கொண்டு போய்ப் படுக்க வைப்பாங்க. சின்னப் பையன், என் பையனை விடப் பெரியவனா இருக்க மாட்டான்னு ஒருத்தர் சொல்லுவாரு. ரெண்டு பசங்க முகமூடியக் கொண்டாந்து குடுத்து, யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்பாங்க.

ராஜி அத்தை: போதும்டா, காலங்காத்தால அழ வைக்காத. ரெண்டே போடு. குட்டியை நான் பார்த்துக்கறேன்.

தாத்தா: திரைக்கு என் வேட்டிதானே? போன தடவை ஆணி அடிச்சுக் கிழிச்சுட்டீங்க. கிளிப் போடுங்க.

முரளி சித்தப்பா: சரிப்பா.

ராஜி அத்தை: குட்டி சம்மதிச்சுட்டான். ஆனா மூணாவதுல அந்த டான்ஸை மட்டும் போடணுமாம்.

திவ்யா: நான் துப்பட்டாவோட வரேன்.